அந்த இடத்தில் ஏன் நிறுத்தினாய்

மாநிலம் முழுவதும் அவளுடைய குரல் தெரியும், முகம் தெரியாது.

சின்ன மாநிலம்தான். காலையில் ஒரு மூலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு மறு மூலையில் இறங்கிவிடலாம். பெரிய செய்திகளுக்கு ஜனங்கள் டிவி பார்த்துக்கொள்வார்கள். ஆனால் நாளைக்கு எந்தத் தெருவில் தண்ணீர் வராது, எந்தப் பாலத்தில் வேலை நடக்கிறது, யாருடைய மாடு காணாமல் போய் யாருடைய தோட்டத்தில் அகப்பட்டது, எந்தப் பள்ளிக்கூடம் கோப்பை வாங்கியது, யார் காலமானார் என்பதெல்லாம் தெரிய வேண்டுமானால் சாயங்காலம் வானொலியில் மாநிலச் செய்தி கேட்டாக வேண்டும். அதை வருஷக்கணக்காக வாசித்துவந்தவள் அவள். ஊரில் அவளுக்கு நியூஸ் அக்கா என்று பேர். அவளைவிட மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் சொல்வார்கள்.

காய்கறிக் கடையில் "தக்காளி அரைக் கிலோ" என்று வாய் திறந்தால் போதும், கடைக்காரர் தராசை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். "நியூஸ் அக்காதானே? நீங்க பேசினாத்தான் தெரியுது. நேர்ல பாத்தா வேற மாதிரி இருக்கீங்க" என்பார். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கண்டுபிடித்த மாதிரியே சொல்வார். வேறு மாதிரி என்றால் எப்படி என்று அவளும் கேட்டதில்லை. பஸ்ஸில் நிறுத்தத்தின் பெயரைச் சொன்னால் முன் இருக்கைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், சிரிப்பார்கள், தங்கள் தெருவில் விளக்கு எரியாததைச் சொல்வார்கள். அதோடு சரி. இறங்கி நடந்தால் அவள் யாரோ.

வானொலி நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு மாடி போர்ஷனில் குடியிருந்தாள். ஓர் அறை, ஒரு சமையலறை, துணி காயப்போட மொட்டை மாடியில் பாதி. அவளுக்கும் கல்யாணம் ஆகியிருந்தது. வேலைக்கென்று வேறு ஊர் போன கணவன் அங்கேயே ஒரு குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டான். சண்டை போட்டுப் பிரியக்கூட அவளுக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. அம்மா இருந்தவரை அம்மாவோடு இருந்தாள். அம்மா போன பிறகு இந்த வீட்டுக்கு வந்தாள். மிச்சம் இருப்பது வெளிநாட்டில் இருக்கும் தம்பி மட்டும்தான்.

கீழே வீட்டுக்காரரும் அவர் மனைவியும் இருந்தார்கள். வீட்டுக்காரர் கடைத்தெருவில் ஸ்கூட்டர் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். மரியாதையான மனிதர். அவர்களுக்கு ஒரே மகன், இளம் வயதில் இறந்துபோனான் என்பது அவளுக்குத் தெரியும். கடைச் சுவரில் அவன் படத்தைப் பார்த்திருக்கிறாள். எப்படி, எப்போது என்று துருவிக் கேட்டதில்லை.

வீட்டுக்காரம்மாதான் அவளுக்குப் பிடிபடாத ஆள். ஒரு நாளும் முகம் கொடுத்துப் பேசியது கிடையாது. இவள் செருப்புச் சத்தம் படியில் கேட்டால் உள்ளே போய்விடுவார். மோட்டார் போடுகிற விஷயமானாலும் சரி, மாடியில் ஓட்டை அடைக்கிற விஷயமானாலும் சரி, எல்லாம் வீட்டுக்காரர் மூலமாகத்தான் வரும். "அவ கொஞ்சம் அப்படித்தாம்மா, மனசுல வெச்சுக்காதீங்க" என்று அவர் ஒரு தடவை சொன்னார். தனியாக இருக்கிற பெண்ணுக்கு வீடு கொடுத்தது அந்த அம்மாவுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். எத்தனையோ வீடுகளில் பார்த்ததுதானே.

குரல் முதலில் கரகரத்தது. சுடுதண்ணீர், மாத்திரை, கழுத்தைச் சுற்றித் துண்டு என்று ஏதேதோ செய்து ஓட்டினாள். ஒரு சாயங்காலம் "குடிநீர் விநியோகம்" என்று வாசிக்கும்போது "குடிநீர் வி" வரைக்கும் வந்தது, மிச்சம் வரவில்லை. வாய் அசைகிறது, காற்றுத்தான் வருகிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவாளர் பதறிப்போய் ஏதோ ஒரு வாத்திய இசையைப் போட்டுவிட்டார். மறுநாள் எந்தத் தெருவுக்குத் தண்ணீர் வராது என்பது அன்றைக்கு யாருக்கும் தெரியாமல் போயிற்று.

காது மூக்கு தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். குரல்நாணில் ஒரு சின்னச் சதை வளர்ச்சி. பயப்படுகிற மாதிரி எதுவும் இல்லை, எடுத்துவிடலாம், ஆனால் எடுத்த பிறகு பேசவே கூடாது என்றார்.

"மெதுவா கூடவா டாக்டர்?" என்றாள் கரகரத்த குரலில்.

"மெதுவா பேசுறது இன்னும் மோசம். ரகசியம் பேசுற மாதிரி குசுகுசுன்னு பேசுறது எல்லாம் கூடாது. சத்தமா சிரிக்கக் கூடாது, அழக் கூடாது. நான் சொல்ற வரைக்கும் வாயத் திறக்கக் கூடாது. வீட்டுல இருக்கிறவங்ககிட்ட இப்பவே சொல்லி வெச்சுடுங்க, உங்களப் பேச வைக்கக் கூடாதுன்னு. அவங்களாலதான் முக்கால்வாசிப் பேருக்குக் கெட்டுப்போகுது."

"வீட்டுல யாரும் இல்ல டாக்டர்."

"அப்ப ரொம்ப வசதி" என்றார் டாக்டர், எழுதிக்கொண்டே. மனதில் பட்டதைச் சொன்னார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை.

அறுவைச் சிகிச்சைக்கு ஒலிப்பதிவாளரின் மனைவி கூட வந்து இருந்துவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் வாய்ப்பூட்டு ஆரம்பமாயிற்று. கஷ்டமாக இருக்கும் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தாள். ஒரு நாள் போயிற்று, மறுநாளும் போயிற்று. வீட்டில் எதுவும் மாறவில்லை. முன்பு எப்படி இருந்ததோ அப்படியேதான் இருந்தது. அதுதான் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரே ஒரு வித்தியாசம். பால் பொங்கும்போது "இரு, இரு, வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே ஓடுகிற பழக்கம் இருந்திருக்கிறது. உதட்டைக் கடித்துக்கொண்டு ஓடியபோதுதான் அது தெரியவந்தது. இத்தனை வருஷமாக அந்த வீட்டில் அவள் பேசியது பாலோடு மட்டும்தான்.

காய்கறிக் கடைக்குப் போனாள். தக்காளியைச் சுட்டிக் காட்டினாள். கடைக்காரருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. விரலை ஆட்டி, குரலை உயர்த்தி, "அரைக் கிலோவா, ஒரு கிலோவா?" என்று காது கேட்காதவரிடம் கேட்கிற மாதிரி கத்தினார். பக்கத்தில் நின்ற அம்மாவிடம் "பாவம், வாய் பேச வராது போல" என்றார் அதே சத்தத்தில். அவள் அரை என்று கையால் காட்டினாள். அவர் பரிதாபப்பட்டு ஒரு தக்காளி கூடவே போட்டார்.

கடையில் வானொலி ஓடிக்கொண்டிருந்தது. மாநிலச் செய்தி. அவளுக்குப் பதிலாக நிலையத்தில் எடுத்திருந்த சின்னப் பெண் வாசித்தாள். பளிச்சென்ற குரல், தண்ணீர் வராது என்பதைக்கூட நல்ல சேதி மாதிரி வாசித்தாள்.

"யாரு இது, புதுசா இருக்கு?" என்றார் அந்த அம்மா.

"யாரோ. இதுவும் நல்லாத்தான் படிக்குது" என்றார் கடைக்காரர். "பழைய அக்கா நல்லாப் படிக்கும், ஆனா என்னத்தப் படிச்சாலும் கொஞ்சம் எழவு வீட்டுல உக்காந்து படிக்கிற மாதிரியே இருக்கும்."

"அது என்னமோ வாஸ்தவம்தான்" என்றார் அந்த அம்மா.

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டுக்கும் டாக்டர் தடை போட்டிருந்ததால் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

தம்பி போன் செய்தான். "நீ பேசாதக்கா, நான் பேசுறேன், நீ கேளு" என்று ஆரம்பித்தான். குழந்தைக்குப் பல் முளைத்தது, மனைவிக்கு வேலை மாறியது, அங்கே குளிர் என்று கொஞ்ச நேரம் பேசினான். பிறகு "இருக்கியா?" என்றான். அவள் போனை விரலால் தட்டினாள். "சரி சரி" என்றான். இன்னும் கொஞ்சம் பேசிப் பார்த்துவிட்டு, "சுவத்துக்கிட்ட பேசுற மாதிரி இருக்குக்கா. உனக்குக் குரல் வந்ததும் பேசுவோம்" என்று வைத்துவிட்டான். அதன் பிறகு கட்டைவிரல் தூக்கின படம் மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தான்.

அந்த வாரத்தில்தான் ஒரு மத்தியானம் வாசலில் நிழல் தட்டியது. பார்த்தால் வீட்டுக்காரம்மா. படியேறி வந்த மூச்சு வாங்கலோடு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தொட்டி கழுவ ஆள் வருது. ரெண்டு பக்கெட் தண்ணி புடிச்சு வெச்சுக்கோங்க."

அவள் தலையாட்டினாள். வீட்டுக்காரம்மா போகவில்லை.

"பேசவே கூடாதாமே. அவரு சொன்னாரு."

தலையாட்டினாள்.

"கொஞ்சம் கூடவா?"

இல்லை என்று தலையசைத்தாள். வீட்டுக்காரம்மா அவள் தொண்டையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "உள்ள வரட்டுமா?" என்றார்.

வீடு அவருடையது. ஆனால் அவள் குடிவந்த பிறகு அன்றுதான் முதல் தடவையாக அந்த அறைக்குள் கால் வைக்கிறார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, மாட்டியிருந்த நாள்காட்டி, ஜன்னல் கம்பியில் காயும் கைக்குட்டை, ஒற்றைத் தட்டு என்று எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அவள் டீ போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டு, சர்க்கரை தூக்கல் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாள் காரணம்கூடச் சொல்லாமல் வந்தார். பேச ஆரம்பித்தால் மனுஷிக்கு வாய் ஓயாது என்பது அப்போதுதான் தெரிந்தது. கணவர் விடுகிற குறட்டைக்குப் பக்கத்து வீட்டு நாய் எழுந்து குரைப்பது, நாத்தனார் வந்தால் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் மனிதர்களைப் பார்ப்பது, மூன்றாவது வீட்டுத் தையல்காரர் எல்லாருடைய அளவையும் மறந்துவிட்டு எல்லாருக்கும் தன் மனைவி அளவுக்கே தைப்பது என்று தெருவில் நடப்பது அத்தனையும் வந்தது. மாநிலம் முழுவதுக்கும் சேதி சொல்கிறவளுக்குத் தான் குடியிருந்த தெருவின் சேதி ஒன்றுகூடத் தெரிந்திருக்கவில்லை. அவள் ஏதாவது பதில் சொல்ல போனில் எழுதிக் காட்டினால், "எழுதாதம்மா, கண்ணாடி கீழ இருக்கு" என்று தள்ளிவிடுவார்.

"உன்கூடப் பேசிட்டிருந்தா நேரம் போறதே தெரியல" என்றார் ஒரு நாள். எப்போது நீங்க போய் நீ வந்தது என்று இரண்டு பேருக்குமே தெரியாது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். வீட்டுக்காரம்மாவும் கொஞ்சம் தாமதமாகப் புரிந்துகொண்டு சிரித்தார்.

மத்தியானம் ஆனால் படியில் காது வைத்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தாள். அந்த அம்மா வரத் தாமதமானால் அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தாள். வெட்கமாக இருந்தது. இந்த வயதில் இப்படி ஒரு ஏக்கமா என்று தன்னைத் தானே கடிந்துகொண்டாள். ஆனாலும் நடந்தாள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள் வீட்டுக்காரம்மா வந்து ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தார். கீழே யாரோ வண்டியை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள், கிளம்பவில்லை.

"உன்கிட்ட நான் ஏன் பேசாம இருந்தேன் தெரியுமா?" என்றார்.

அவள் இல்லை என்று தலையசைத்தாள்.

"உன்மேல ஒண்ணும் இல்ல. உன் சத்தம். எனக்கு உன் சத்தம் ஆகாது."

அவள் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"என் புள்ள வண்டியில போனான். ஆத்துப் பாலத்துக்கிட்ட லாரிக்காரன் அடிச்சுட்டான். போலீஸ்காரர் மொதல்ல கடைக்குத்தான் போயிருக்காரு. அவரு கடையில இல்ல, சரக்கு எடுக்க வெளியூர் போயிட்டாரு. வீடு எங்கன்னு விசாரிச்சு வர்றதுக்குள்ள சாயந்தரமாயிடுச்சு. நான் சமையக்கட்டுல இருக்கேன். ரேடியோ ஓடிட்டிருக்கு. நீ படிக்கிற. ஏதோ விபத்துன்னு நீ ஆரம்பிக்கும்போது, யாரு பெத்த புள்ளையோன்னு நெனச்சேன். அப்படித்தான் நெனச்சேன். அப்புறம் நீ அவன் பேரைச் சொன்ன. அப்பா பேரைச் சொன்ன. கடை பேரைச் சொன்ன."

மழைச் சத்தம் கேட்டது.

"யாரும் வந்து என் கையப் புடிச்சுச் சொல்லல. நீதான் சொன்ன. அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு, மேல குடிவந்திருக்காங்கன்னு எட்டிப் பாக்கறேன், படியில நின்னு நீ அவருகிட்ட, தண்ணி எத்தன மணிக்கு வரும்னு கேக்கற. கையில இருந்த பாத்திரத்தக் கீழ போட்டுட்டேன். காலி பண்ணச் சொல்லுங்கன்னு அவருகிட்ட அழுதேன். அவருதான், பாவம், தனியா இருக்கிற பொண்ணு, அதுக்கு என்ன தெரியும்னுட்டாரு."

அவள் கையை நீட்டி அந்த அம்மாவின் முழங்கையைத் தொட்டாள். வீட்டுக்காரம்மா தட்டிவிடவில்லை.

"ஆனா ஒண்ணு. அன்னைக்கு நீ அவன் பேருக்கு முன்னாடி ஒரு எடத்துல நிறுத்தின. சட்டுனு சொல்லிடல. மூச்சு வாங்குற மாதிரி நிறுத்திட்டு அப்புறம்தான் சொன்ன. நான் அதை எத்தன தடவ நெனச்சுப் பாத்திருக்கேன் தெரியுமா? முகம் தெரியாத ஒருத்தி, அவளுக்கே சொல்ல மனசு வரலியே, என் புள்ளைக்காக ஒரு நிமிஷம் அவளுக்கும் வலிச்சிருக்கேன்னு. உன் சத்தம் ஆகாதுதான். ஆனா அந்த எடத்த நெனச்சா மட்டும் கொஞ்சம் ஆறும். உனக்கு ஞாபகம் இருக்கும்ல? கஷ்டமா இருந்துச்சுல்ல?"

அவள் தலையாட்டினாள்.

யோசித்து ஆட்டவில்லை. அந்த முகத்தைப் பார்த்துவிட்டு வேறு எப்படி ஆட்டுவது? வீட்டுக்காரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ரொம்ப நாள் சுமந்ததை இறக்கி வைத்த மாதிரி அவர் தோள் தாழ்ந்தது.

"எனக்குத் தெரியும்" என்றார். "உனக்குக் குரல் வந்ததும் மொதல்ல என்கிட்டதான் பேசணும். அந்த எடத்துல ஏன் நிறுத்தினன்னு உன் வாயால சொல்லணும். நான் தாங்கிப்பேன்."

அவர் போன பிறகு அவள் உட்கார்ந்து நினைத்து நினைத்துப் பார்த்தாள். ஆற்றுப் பாலம், லாரி, ஓர் இளைஞன். ஒன்றும் வரவில்லை. அந்தப் பாலத்தில் எத்தனையோ விபத்துகள் வாசித்திருக்கிறாள். எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. நிறுத்தினாள் என்றால் காகிதம் ஒட்டிக்கொண்டிருக்கும். இல்லாவிட்டால் நிருபரின் கையெழுத்துப் புரிந்திருக்காது. பெயரைத் தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்று ஒரு கணம் உற்றுப் பார்த்திருப்பாள். அவ்வளவுதான் இருக்கும். அன்றிரவு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

டாக்டர் மறுபடி குழாய் விட்டுப் பார்த்துவிட்டுத் திருப்தியாகத் தலையசைத்தார். "எங்க, ஆ சொல்லுங்க."

"ஆ" என்றாள். துரு ஏறின கதவு திறக்கிற மாதிரி வந்தது. இன்னொரு தடவை சொன்னாள். கொஞ்சம் கனத்திருந்தது, ஆனால் அவள் குரல்தான். யார் கேட்டாலும் தெரிந்துவிடும்.

"நல்லா வந்திருக்கு. தினம் கொஞ்சம் கொஞ்சமா பேசுங்க. மொதல்ல வீட்டு ஆளுங்ககிட்ட ஆரம்பிங்க" என்றார் டாக்டர். யாரும் இல்லை என்று முன்பே சொன்னது அவருக்கு மறந்துவிட்டது. அவளும் திருத்தவில்லை.

வீட்டுக்கு வந்தாள். மத்தியானம் வீட்டுக்காரம்மா வந்தார். அவள் டீ போட்டாள், கேட்டாள், தலையாட்டினாள், வாய் திறக்கவில்லை. மறுநாளும் திறக்கவில்லை. "இன்னும் விடலியா அந்த டாக்டர்?" என்று வீட்டுக்காரம்மா கேட்டபோது உதட்டைப் பிதுக்கினாள். அந்த அம்மா போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, மெதுவாக, பழைய செய்தித்தாளை எடுத்து வாய்விட்டு வாசித்துப் பழகினாள். திருடித் தின்கிற மாதிரி இருந்தது.

நிலையத்துக்குப் போன் செய்தாள். நிலைய அதிகாரி சந்தோஷப்பட்டார். பிறகு கனைத்துக்கொண்டார். "சாயங்காலச் செய்தி அந்தப் பொண்ணு நல்லாப் பண்ணுதும்மா. நேயர்களுக்கும் பழகிடுச்சு. நீங்க காலையில எடுத்துக்கோங்களேன். உங்களுக்கும் ஸ்ட்ரெயின் கம்மி" என்றார். காலைச் செய்தி சின்னது; அதைக் கேட்பவர்கள் பாதித் தூக்கத்தில் இருப்பார்கள். "சரி சார்" என்றாள். வருத்தப்பட வேண்டும் என்று தோன்றியது. ஆனால் மனம் முழுக்கக் கீழ்வீட்டில் இருந்ததால் அந்த வருத்தத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

அந்த வாரம் வீட்டுக்காரர் படியில் எதிர்ப்பட்டார். "உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலம்மா" என்றார். "அவ இப்பத்தான் ராத்திரி தூங்குறா. உங்களுக்கும் அன்னைக்கு அழுகை வந்துச்சாமே. அவ தங்கச்சிகிட்ட, அக்கம்பக்கத்துல எல்லாருகிட்டயும் சொல்லிட்டிருக்கா." கண் கலங்கிப் போய்க் கும்பிட்டுவிட்டு அவர் கடைக்குப் போனார்.

ஒரு தலையாட்டல் அழுகையாக வளர்ந்து தெரு முழுக்கப் போயிருந்தது. இனி குரல் எடுத்தால் அதற்கு மேல் கட்டத்தான் வேண்டும். எப்படி வலித்தது, எங்கே தொண்டை அடைத்தது, வெளியே வந்து யாரிடம் சொல்லி அழுதேன் என்று ஒவ்வொன்றாக இட்டுக்கட்ட வேண்டும். செய்யலாம். அந்த அம்மா நம்புவார். மத்தியானமும் வருவார். இரண்டு நாள் அவள் அதைத்தான் யோசித்தாள். என்னென்ன சொல்லலாம் என்று மனதுக்குள் கோத்துக்கூடப் பார்த்தாள். கோத்தது செய்தி மாதிரியே இருந்தது. யாரோ எழுதிக் கொடுத்ததை வாசிக்கிற மாதிரி.

மூன்றாம் நாள் மத்தியானம், வீட்டுக்காரம்மா மேலே வருவதற்கு முன்னால், அவளே கீழே இறங்கிப்போனாள். பின்கட்டில் அந்த அம்மா உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா" என்றாள்.

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. வீட்டுக்காரம்மா திரும்பவில்லை. முதுகு மட்டும் விறைத்தது. "வந்துடுச்சா?" என்றார்.

"வந்துடுச்சு. போன வாரமே டாக்டர் பேசலாம்னு சொல்லிட்டார். நான்தான் உங்ககிட்ட மறைச்சேன்."

"ஏன்?"

"நீங்க கேட்டதுக்குப் பதில் சொல்லணுமேன்னு."

வீட்டுக்காரம்மா இப்போது திரும்பினார். அந்தக் குரலைத் தாங்கிக்கொள்ள அவர் படும் பாடு முகத்தில் தெரிந்தது. ஆனாலும் காத்திருந்தார். முகத்தில் ஓர் ஆசையும் இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குத் திரும்பி ஓடிவிடலாமா என்று இருந்தது.

"எனக்கு ஞாபகம் இல்லக்கா" என்றாள். "அன்னைக்குப் படிச்சது எனக்கு ஞாபகமே இல்ல. தெனமும் யாராவது ஒருத்தர் இருப்பாங்க. படிச்சு முடிச்சு வெளிய வந்தா போயிடும். போகலைன்னா மறுநாள் போய் உக்கார முடியாது."

"அப்ப ஏன் நிறுத்தின?"

"தெரியலக்கா. பேரு சரியாத் தெரியாம இருந்திருக்கும். இல்ல, பக்கம் மாத்தியிருப்பேன்."

"தலையாட்டினியே."

"ஆட்டினேன். நீங்க கேட்டப்ப இல்லன்னு சொல்ல மனசு வரல."

வீட்டுக்காரம்மா கையிலிருந்த சட்டையைப் பார்த்தார். "இதுல ஒரு பட்டன் போயிருக்கு" என்றார், தனக்குத் தானே சொல்கிற மாதிரி. அதை மடித்து வைத்தார். அடுத்த துணியை எடுத்தார். "நீ மேல போ" என்றார்.

அவள் போனாள்.

அதன் பிறகு மத்தியானங்களில் யாரும் வரவில்லை. இவள் செருப்புச் சத்தம் கேட்டால் கீழே கதவு பழையபடி சாத்திக்கொண்டது. வீட்டுக்காரர் எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டு போனார். அவருக்குக் கோபமா, சங்கடமா என்று தெரியவில்லை. முன்பெல்லாம் அந்த வீட்டின் அமைதி அவளுக்குப் பழகின ஒன்று. இப்போது அது வேறாக இருந்தது. நாத்தனாரின் ஃபிரிட்ஜ், தையல்காரரின் அளவு எல்லாம் அப்புறம் என்ன ஆயிற்று என்று தெரியாமல் தவித்தாள். உண்மையைச் சொன்னதில் நிம்மதி கிடைக்கும் என்பார்களே, அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை. சில நாள் பொய்யே சொல்லியிருக்கலாம் என்றுகூட நினைத்தாள்.

காலைச் செய்திக்குப் போக ஆரம்பித்தாள். ஒரு நாள் வந்த தாள்களில் கல்குவாரியில் பாறை சரிந்து ஒருவர் இறந்த செய்தி இருந்தது. பெயர், ஊர், வயது, மனைவி, இரண்டு பெண்கள்.

"இவங்க வீட்டுக்குச் சொல்லியாச்சா?" என்று செய்திப் பிரிவில் கேட்டாள்.

"போலீஸ் கொடுத்த தகவல்தான்க்கா. ஊர்ஜிதம் ஆனது" என்றார் அங்கே இருந்த உதவி ஆசிரியர்.

"அது சரி. வீட்டுக்குத் தெரியுமா?"

"அது நம்ம வேலையாக்கா?"

அவள் போனை எடுத்து அந்தக் காவல் நிலையத்துக்குப் பேசினாள். எடுத்தவர் குரலை வைத்தே அவளை அடையாளம் கண்டுகொண்டு குழைந்தார். வீட்டுக்கு ஆள் போய்க்கொண்டிருக்கிறார், அது மலைப்பக்கம், போய்ச் சேர இன்னும் நேரமாகும் என்றார். அவள் அந்தத் தாளை எடுத்து ஓரமாக வைத்தாள். அந்த இடத்தை நிரப்ப, மாநில அளவில் கபடிக் கோப்பை வாங்கின பள்ளிக்கூடத்தைப் பற்றி இருந்ததை எல்லாம் வாசித்தாள். பயிற்சியாளருக்குப் பாராட்டு, தலைமை ஆசிரியையின் நன்றி வரைக்கும்.

நிலைய அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார். "என்னம்மா இது, ஒரு சாவைத் தூக்கிப் போட்டுட்டு கபடியைப் போய் நீட்டி முழக்கியிருக்கீங்க?"

"சாயங்காலம் போட்டுக்கலாம் சார். அதுக்குள்ள வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருப்பாங்க."

"ஒவ்வொண்ணுக்கும் இப்படிப் போன் பண்ணிட்டிருப்பீங்களா?"

"பண்ணுவேன் சார்."

அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். காலைச் செய்திக்கு வேறு ஆள் தேடுவது பெரிய தலைவலி என்பதால் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் அந்தச் சின்னப் பெண் குவாரிச் செய்தியை வாசித்தாள். மலைப்பக்கத்து வீட்டுக்கு ஆள் போய்ச் சேர்ந்தாரா, இறந்தவரின் மனைவி கையைப் பிடித்துத்தான் சொன்னாரா என்பது அவளுக்குத் தெரியாது.

மழைக்காலம் முடிந்து வெயில் காய ஆரம்பித்த பிறகு ஒரு மத்தியானம், அவள் துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனபோது வீட்டுக்காரம்மா அங்கே கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். இவளைப் பார்த்தும் இறங்கிப் போகவில்லை.

"பொய் சொல்லியிருக்கலாம் நீ" என்றார்.

"ம்."

"நம்பியிருப்பேன்."

"தெரியும்க்கா."

ஒவ்வொரு தடவை இவள் வாய் திறக்கும்போதும் அந்த அம்மாவின் இமை லேசாகத் துடித்தது. ஆனாலும் நின்றார். கீழே தெருவில் தையல்காரர் யாரிடமோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்; அளவு விவகாரம்தான் போலிருக்கிறது.

"உனக்கு அவனப் பத்தி என்ன தெரியும்? யாரோ எழுதிக் கொடுத்தாங்க, படிச்ச. பேரு, வயசு, கடை. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்க்கா."

"அவனுக்குக் கணக்கு வராது. கடையில உக்கார வெச்சா சாமானை எல்லாம் சும்மா தூக்கிக் கொடுத்துடுவான். அவரு திட்டுவாரு. பாட்டு நல்லாப் பாடுவான்னு அவனே நெனச்சுப்பான். குளிக்கப் போனா தெருவே காதப் பொத்திக்கும்." வீட்டுக்காரம்மா நிறுத்தினார். "இதெல்லாம் எவன் எழுதுவான்."

"என்ன பாட்டுக்கா பாடுவான்?"

வீட்டுக்காரம்மா அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். வெயில் சுவரைத் தாண்டி இறங்கும் வரைக்கும் சொன்னார். அவள் நடுநடுவே கேட்டாள். ஒரு தடவை சத்தமாகச் சிரித்தும் விட்டாள். அந்த அம்மா சிரிக்கவில்லை. ஆனால் சொல்வதை நிறுத்தவும் இல்லை.

இறங்கிப் போகும்போது படியில் நின்று, திரும்பாமலே, "நாளைக்கு வர மாட்டேன். தங்கச்சி வீட்டுக்குப் போறேன். ரெண்டு நாள் ஆகும்" என்றார்.

"சரிக்கா" என்றாள் அவள்.

பெற்ற அம்மா இறந்த பிறகு, இன்ன நாள் வர மாட்டேன் என்று யாரும் அவளிடம் சொல்லிவிட்டுப் போனதில்லை. அவள் துணிகளை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, கீழ்வீட்டுக் கதவு சாத்துகிற சத்தம் கேட்கும் வரை அங்கேயே நின்றாள்.